பட்டிக்குள் நிற்கும் ஈமோகுளோபின்

கல்லடியில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் இருக்கும். அம்மாவின் நெஞ்சுவலிக் குளிசை, நாக்குக்குக் கீழே வைப்பது. வைத்துச் சில நிமிடங்களில் அவவின் முகம் தெளிவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். அந்தக் குளிசையிலிருந்து உடலுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிறது, குருதிக்கலன்களின் தசை தளர்கிறது. கலன்களின் உட்சுவரும் இதே வாயுவைத் தானாகவே செய்யும். இதைத் துலக்கிய ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

போன கிழமை உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், பக்கத்திலயே இரத்தம் ஓடுதே. ஈமோகுளோபின் அந்த வாயுவைப் பிடிச்சிராதா?"

எவ்வளவு நல்ல கேள்வி! செங்குழியத்துக்குள் ஒட்சிசன் சுமக்கும் புரதம்தான் ஈமோகுளோபின்; அது வாயுவைப் பிடிக்கத்தான் செய்யும். ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினிடம் அகப்பட்டால் வாயு அந்தக் கணமே கலனைத் தளர்த்தாத நைத்திரேற்றாகிவிடும். ஈமோகுளோபினும் மெதீமோகுளோபினாக மாறி, ஒட்சிசன் சுமக்க முடியாமல் நிற்கும். செங்குழியத்தில் உள்ள நொதி ஒன்றுதான் அதைப் பழையபடி ஆக்கவேண்டும். ஒட்சிசன் இறக்கிய ஈமோகுளோபினோ வாயுவைத் தன் இரும்போடு இறுகப் பிணைத்துவிடும்.

அப்ப வாயு எப்படித் தசைக்குப் போய்ச் சேருகிறது? மாடும் வயலும் உள்ள படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை அவள், மாட்டுப்பட்டியைச் சொன்னேன். மாடு அவிழ்ந்தால் வேளாண்மை மிஞ்சாது. செங்குழியம்தான் ஈமோகுளோபினுக்குப் பட்டி. அதோடு குழியங்கள் கலனின் நடுவால் ஓட, சுவரோரம் மெல்லிய பிளாஸ்மாப் படை ஒன்று வெறுமையாக இருக்கும். இரண்டும் சேர்ந்து வாயு பிடிபடும் வேகத்தைப் பல நூறு மடங்கு குறைத்துவிடுகின்றன. கடும் மலேரியாவில் குழியங்கள் உடைந்து ஈமோகுளோபின் வெளியே சிந்தும்போது கலன்கள் இறுகுவது இதனால்தான். குழியம் இல்லாமல் ஈமோகுளோபினை மட்டும் வைத்துச் செய்த செயற்கைக் குருதி, ஏற்றியவர்களின் இரத்த அழுத்தத்தைக் கூட்டியதும் இதனால்தான்.

சரி, பட்டிக்குள்ளேயே கொஞ்ச வாயு பத்திரமாக இருந்து, ஒட்சிசன் குறைந்த இடத்தில் வெளியே வருமா? அவளுடைய அடுத்த கேள்வி அது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 93ஆவது இடத்தில் உள்ள சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் அதைச் சுமக்கிறது என்று 1996இல் ஸ்ராம்லர் என்ற ஆய்வாளரின் குழு சொன்னது. குருதியில் உள்ள நைத்திரைற்று என்ற வேறொரு சேர்வையிலிருந்து (முன்னே சொன்ன நைத்திரேற்று அல்ல) ஈமோகுளோபின் வாயுவைப் புதிதாக உண்டாக்குகிறது என்பார் வேறு சிலர். வாதம் இன்னும் ஓயவில்லை. நான் நைத்திரைற்றுப் பக்கம். அந்தச் சிஸ்ரீனை மாற்றி வளர்த்த சுண்டெலிகளின் செங்குழியங்களும், ஒட்சிசன் குறைந்தபோது கலன்களை விரியவைத்ததாக 2008இல் ஓர் ஆய்வு வந்ததே.