வாளித் தண்ணியில் போட்டுப் பாருங்கள்: பொலிபுரொப்பிலீன் சொக்கெற் செய்பவர்களுக்கு

முழங்காலுக்குக் கீழே போடும் ஒரு செயற்கைக்காலின் சொக்கெற்றை, அதாவது வெட்டுண்ட காலின் முனை உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் கிண்ணத்தை, முடிக்க நான்கு நாள் போதும். கிளிநொச்சிப் பக்கத்தில் எங்கள் சின்னப் பட்டறையில் இந்த முறை ஏழு கிழமை போனது. அந்த ஏழு கிழமையில் பெரும்பகுதி ஒரு வயல்காரர் ஊன்றுகோலோடு வரம்பில் நடந்தார். வேலை பழகாத கை என்று யாரும் சொல்ல முடியாது. சீற் பிழை, கடதாசி பிழை, கடைசியில் பசை பிழை. இதே வேலை செய்யும் மற்றவர்கள் அதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அச்சு எடுத்தது, பரிஸ் சாந்தில் கால்முனையின் மாதிரியை வார்த்தது, சீவித் திருத்தியது எல்லாம் வழக்கம்போல் முடிந்தன. ஒன்று மட்டும்: மாரியில் சாந்து காயாது. ஈரம் உள்ள மாதிரியில் சூடான சீற்றைப் போட்டால் நீராவி கிளம்பி உட்பக்கம் முழுக்கக் குழி விழும். காய வைக்க அவசரப்பட்டுப் போறணையில் 60 பாகைக்கு மேலே ஏற்றினால் சாந்து பொடியாகத் தொடங்கும். 50 பாகை, இரண்டு நாள், பொறுமை.

முதல் சீற் கொழும்பில் வாங்கியது. 5 மில்லிமீற்றர், வெள்ளை. பற்றுச்சீட்டில் ‘பிபி’ என்று தெளிவாக அடித்திருந்தது. போறணை 180 பாகை. மில்லிமீற்றருக்கு நான்கிலிருந்து ஐந்து நிமிடம் என்பது கணக்கு, ஆகவே 5 மில்லிமீற்றருக்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். சாயம் போடாத பொலிபுரொப்பிலீன் குளிரில் பால்நிறமாக இருக்கும், உருகும் பதம் வந்ததும் கண்ணாடி மாதிரித் தெளியும். தட்டில் விரித்த ரெஃப்லோன் துணியின் நெசவு சீற்றுக்குள்ளால் தெரிந்தால் எடுக்கலாம். எங்கள் சீற் இருபத்தைந்து நிமிடத்திலும் வெள்ளையாகவே கிடந்தது. இன்னும் பத்து நிமிடம் விட்டோம். அது பெரிய பிழை. எடுத்து மாதிரியின் மேல் போர்த்தி, ஒட்டிப் பிடிக்கப் பம்பியால் காற்றை இழுத்தபோது நுனியில், அதிகம் இழுபடும் இடத்தில், பழைய சேலை மாதிரிக் கிழிந்தது. வெற்றிடப் பம்பி காற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. மாதிரியும் சிராய்ந்து போனது.

மிஞ்சிய துண்டை மடக்கினோம். ஒரே மடிப்பில் உடைந்தது, உடைந்த இடம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மாவாக இருந்தது. வாளித் தண்ணியில் போட்டோம். தாண்டு போனது.

தண்ணியின் அடர்த்தி 1, பொலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.90 முதல் 0.91 வரை. அது மிதந்தே ஆகவேண்டும். தாண்டால் ஒன்றில் அது வேறு பிளாஸ்ரிக், இல்லாவிட்டால் விலை குறைக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்தது. நூற்றுக்கு இருபது பங்கு தூள் கலந்தாலே அடர்த்தி 1ஐத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட சீற் தண்ணித் தாங்கி மூடிக்குப் போதும், ஆளின் நிறை தாங்கும் சொக்கெற்றுக்கு உதவாது. சோதிக்கும்போது துண்டின் விளிம்பைச் சவர்க்காரத் தண்ணியில் தேய்த்துவிட்டுப் போடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி தாழவேண்டிய துண்டையும் மிதக்க வைத்துவிடும்.

மிதந்தால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். எச்டிபிஇ என்ற அடர் பொலிஎதிலீனும் மிதக்கும். அதற்கு இரண்டாவது சோதனை: விரல் அகலத் துண்டு ஒன்றைப் போறணையில் 145 பாகையில் பத்து நிமிடம் வையுங்கள். எச்டிபிஇ 130 பாகை அளவில் உருகுவதால் தெளிந்து தொய்ந்து கிடக்கும். சொக்கெற்றுக்கு எடுக்கும் பொலிபுரொப்பிலீன் 160 அளவில்தான் உருகும், ஆகவே பால்நிறம் மாறாமல் கிடக்கும். ஜெய்ப்பூர் கால் என்ற இந்தியச் செயற்கைக்காலில் எச்டிபிஇ குழாயைச் சூடாக்கிப் பழகிய கைகளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அந்தச் சூட்டுக் கணக்கை இந்தச் சீற்றுக்குக் கொண்டுவந்தால் பாதி வேகாத சீற்றைத்தான் போர்த்துவீர்கள். அது மாதிரியின் பள்ளங்களுக்குள் இறங்காது.

மூன்றாவதாகக் கையால் மடக்கிப் பாருங்கள். கொஞ்சம் எதிலீன் சேர்ந்த கோபொலிமர் வகை மடிப்பில் வெளிறும், ஆனால் உடையாது. தனிப் புரொப்பிலீனால் ஆன ஹோமோபொலிமர் விறைப்பானது, அடிபட்டால் வெடிக்கும் குணம் கூட. வரம்பில் தடக்கி விழக்கூடிய ஆளுக்குக் கோபொலிமர்தான் என் தெரிவு.

சீற்றைத் திருப்பிக் கொண்டுபோனது முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், இரவு பஸ். கடைக்காரர் துண்டைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை. “உது எல்லாம் ஒரே சாமான்தான் தம்பி.” அவரிடமே ஒரு கிண்ணத்தில் தண்ணி வாங்கிப் போட்டுக் காட்டிய பிறகுதான் வேறு இடத்திலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டது எங்கள் பிழை: தரச் சான்றிதழில் உள்ள தொகுதி இலக்கத்தையும் சீற்றில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

செலவுக்குப் பணம் கொடுக்கும் அலுவலகத்தில் இலிகிதர் அந்தச் சான்றிதழைப் பார்த்தவுடன் கோப்பை மூடிவிட்டார். சான்றிதழ் 3 மில்லிமீற்றர் சீற்றுக்கு உரியது, தொகுதியும் வேறு. அவர் பேசிய விதம் இன்னும் சுடுகிறது. ஆனாலும் அந்த விடயத்தில் அவர் சொன்னது சரி. சரியில்லாதது அடுத்தது: ஒவ்வொரு சீற்றிலும் ‘மருத்துவத் தரம்’ என்ற முத்திரை வேண்டும் என்று நின்றார். அப்படி ஒரே முத்திரை கிடையாது. தோலோடு படும் பொருளுக்குக் கேட்கவேண்டியது ஐ.எஸ்.ஓ 10993 வரிசையில் கலங்களுக்கு நஞ்சாகிறதா, தோலில் எரிவும் ஒவ்வாமையும் வருகிறதா என்ற சோதனைகளின் முடிவு. அதுவும் எந்த வகைப் பொலிமருக்கு, எந்தச் சாயத்தோடு என்று எழுதியிருக்கவேண்டும். சாயம் மாறினால் அந்த முடிவு அப்படியே செல்லாது. இதை ஒரு பக்கத்தில் எழுதி, சான்றிதழின் உரிய வரியில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இரண்டு கிழமை அதிலேயே போனது.

இனி வாங்குபவர்கள் சீற்றின் மேலுள்ள மெல்லிய பாதுகாப்புத் தாளை உரிக்க முன்னம் படம் எடுங்கள். இலக்கச் சீட்டு அந்தத் தாளில்தான் ஒட்டியிருக்கும். தாள் குப்பைக்குப் போனால் உங்களிடம் இருப்பது பெயரில்லாத ஒரு வெள்ளைப் பலகை.

இரண்டாவது சீற் மிதந்தது, 145இல் தெளியவில்லை, மடிப்பில் உடையவில்லை. போர்த்துவதற்கு அகலத்தை மாதிரியின் மிகப் பெருத்த சுற்றளவை விட 5 சென்ரிமீற்றர் கூட, நீளத்தை 15 சென்ரிமீற்றர் கூட வைத்து வெட்டினோம். இரண்டு பக்கமும் ஸ்பிரிற்றால் துடைத்தோம். மாதிரிக்கு நைலோன் காலுறை போடாமல் விட்டால் காற்று வெளியேற வழி இருக்காது. கையுறை பருத்தியாக இருக்கட்டும். சீற்றின் இரண்டு விளிம்பும் சேரும் பொருத்து பின்பக்கம் வரவேண்டும்.

போறணையின் குமிழைப் பார்த்துச் சூட்டை நம்பாதீர்கள். பின்னேரங்களில் எங்கள் பக்கம் வோல்ற்றேஜ் 200க்கு விழும். 230இல் வேலை செய்யவேண்டிய சூடாக்கிக்கு அந்த வீழ்ச்சியில் வலு கால்வாசி குறைந்துவிடும். குமிழ் 180 காட்டும், சீற் இருக்கும் தட்டில் 160கூட இருக்காது. தனி வெப்பமானி ஒன்றைத் தட்டின் மட்டத்தில் வையுங்கள். இந்த வேலைக்குக் காலை நேரம்தான் நல்லது.

போர்த்தி மூன்றாவது நிமிடம் மின்வெட்டு. போன வருடம் இதே மாதிரி ஒரு சொக்கெற் கெட்டதால் பம்பிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு திருப்பு வால்வும் பழைய காஸ் சிலிண்டரில் செய்த வெற்றிடத் தாங்கியும் போட்டிருந்தோம். வால்வை மூடினோம். மானியின் முள் அசையவில்லை. கரண்ட் வர நாற்பது நிமிடம் ஆனது, சீற் மாதிரியை விட்டு ஒரு மயிரிழைகூட எழும்பவில்லை. பட்டறையில் எல்லாரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

குளிர்ந்தது மாதிரித் தெரிந்தாலும் அடுத்த நாள் வரைக்கும் கழற்றக்கூடாது. பொலிபுரொப்பிலீன் நூற்றுக்கு ஒன்று தொடக்கம் இரண்டரை வரை சுருங்கும். நேரத்துக்கு முன்னம் கழற்றினால் உள்ளே சாந்து மாதிரி தாங்காமல் அந்தச் சுருக்கம் நடந்து சொக்கெற்றின் வாய் கோணும். வெட்டிய பிறகு வேணியர் இடுக்கிமானியால் நுனியில் தடிப்பை அளவுங்கள். இழுபட்டு 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்திருந்தால் நாங்கள் அதை ஆளுக்குக் கொடுப்பதில்லை. விளிம்பில் வாளின் கீறல் ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள். வெடிப்பு அங்கிருந்துதான் ஓடும்.

இனிப் பசை. என் மனதை அதிகம் வருத்தியது இதுதான்.

சொக்கெற்றின் அடியில் கால்முனை நிற்கும் இடத்துக்கு ஈவிஏ என்ற மெத்தென்ற நுரைப் பிளாஸ்ரிக்கில் ஒரு மெத்தை ஒட்டினோம். அரத்தாளால் தேய்த்து, நல்ல சப்பாத்துப் பசை இரண்டு பூச்சு. கையால் இழுத்துப் பார்த்தபோது நின்றது. வயல்காரர் ஒன்பது நாள் நடந்தார். வியர்வையும் சூடும் சேர்ந்து மெத்தையின் ஓரம் கிளம்பி, உள்ளே மடிந்து, கால்முனையில் ஐந்து சத நாணயம் அளவில் புண். அவர் பேசாமல் இருந்தார். நாங்கள்தான் அந்த மெத்தையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். பசை முழுக்க ஈவிஏ பக்கத்தில் இருந்தது, பொலிபுரொப்பிலீன் பக்கம் கழுவிய கோப்பை மாதிரிப் பளபளத்தது.

பசையின் விலையைக் கூட்டி இதைத் தீர்க்கமுடியாது. பொலிபுரொப்பிலீன் வெறும் காபனும் ஐதரசனும். பசை பற்றிக்கொள்ள அதன் முகத்தில் ஒட்சிசன் உள்ள கூட்டங்கள் இல்லை. அதன் மேற்பரப்புச் சக்தி மீற்றருக்கு 30 மில்லிநியூட்டன் அளவில்தான், பசை நன்றாகப் படர 38இலிருந்து 40வரை வேண்டும். தண்ணித் துளி போட்டால் சேம்பு இலையில் மாதிரி உருண்டு நிற்கும். தண்ணி உருளும் இடத்தில் பசையும் உருளும். தொழிற்சாலைகளில் கொரோனா, பிளாஸ்மா எனப்படும் மின்னிறக்க மெசின் வைத்து முகத்தை மாற்றுகிறார்கள். பட்டறையில் எங்களிடம் உள்ளது காஸ் ரோச்.

முதலில் பவுடர், காலுறையின் நூல், எண்ணெய்க் கை எல்லாம் போகத் துடையுங்கள். பட்டறைக்குள் சிலிக்கோன் ஸ்பிரே அடிப்பதை அடியோடு நிறுத்துங்கள். காற்றில் பறந்து படும் சொட்டே போதும், எந்தப் பசையும் பிடிக்காது. 100ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து மறுபடி ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, அது முழுக்கக் காயும் வரை காத்திருங்கள். போத்தலையும் பசை ரின்னையும் வேறு அறைக்குக் கொண்டுபோய் மூடிவிட்டுத்தான் நெருப்பைப் பற்றவைக்கவேண்டும். இதில் எந்த அவசரமும் வேண்டாம்.

சுவாலை நீலமாக, காற்றுக் கூடியதாக இருக்கவேண்டும். மஞ்சள் சுவாலை புகைக்கரியைத்தான் பூசும். உள்ளே கூராகத் தெரியும் சின்ன நீலக் கூம்பின் நுனி சீற்றிலிருந்து ஒரு விரல் இடைவெளியில் நிற்க, ஒரு இடத்தில் ஒரு செக்கனுக்கு மேல் நிற்காமல் வீசிக்கொண்டு போங்கள். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியக்கூடாது. பளபளப்பு வந்தால், அலை விழுந்தால், முகம் உருகிவிட்டது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

ஆறியதும் சுத்தமான தண்ணியை ஓடவிடுங்கள். முன்பு உருண்ட தண்ணி இப்போது மெல்லிய படலமாகப் படர்ந்து நிற்கும். எங்காவது படலம் உடைந்து ஒதுங்கினால் அந்த இடத்தில் நெருப்புப் படவில்லை. முதல் வீச்சில் எங்களுக்கு இடது ஓரத்தில் நகம் அளவு ஒரு தீவு ஒதுங்கியது. நெருப்புக் காட்டாமல் ஒட்டிய முதல் மெத்தை கிளம்பத் தொடங்கியதும் அதே இடம்தான்.

காய்ந்தவுடன் ஒட்டவேண்டும். விரல் படக்கூடாது. நாளைக்கு என்று வைத்தால் தூசியும் படும், மாறிய முகமும் மெல்ல மெல்லப் பழையபடி திரும்பும். இரண்டு பக்கமும் பசை பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை, பத்து முதல் பதினைந்து நிமிடம். மழை நாளில் பசையின் கரைப்பான் பறக்கும்போது முகம் குளிர்ந்து ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். அப்படிப் பூத்தால் வெதுவெதுப்பான காற்றுக் காட்டிக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள். பெல்ற்றுகளுக்கு மட்டும் பசையை நம்பாமல் செப்பு றிவெற் அடிக்கிறோம்.

ஆளுக்குச் சொல்லவேண்டியது: சொக்கெற்றை வெயிலில் காயப் போடவேண்டாம், புறஊதாக் கதிர் பொலிபுரொப்பிலீனைச் சுண்ணாம்பு மாதிரி ஆக்கி வெடிக்க வைக்கும். மண்ணெண்ணெயால் கழுவவேண்டாம், சவர்க்காரமும் தண்ணியும் போதும்.

அடுத்த மெத்தையை ஒட்டி ஒரு நாள் விட்டு, அதே சீற்றில் அதே முறையில் ஒட்டிய சோதனைத் துண்டு ஒன்றைக் குறட்டால் பிடித்து இழுத்தோம். ஈவிஏ நடுவால் கிழிந்து வந்தது. பொலிபுரொப்பிலீன் பக்கம் அரை மில்லிமீற்றர் நுரை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.