விதைப்புத் தேதிதான் முன்னறிவிப்பு

கீழத்தஞ்சைக் கடைமடையில் விவசாயிகளுக்கு வானிலை சார்ந்த பயிர் ஆலோசனை சொல்வது என் வேலை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அடுத்த ஐந்து நாளுக்கான அறிக்கை வரும். மழை, வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் எல்லாம் இருக்கும். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் கட்டைவிரல் குறிகள் குவியுமே தவிர வயலில் ஒன்றும் நடக்காது. "அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, யூரியாவ இன்னிக்கு வீசலாமா, கூடாதா?" என்பார் ஒரு பெரியவர். நியாயம்தானே? நாளை கனமழை என்றால் வீசியதெல்லாம் வடிகாலோடு போய்விடும்.

பருவகால முன்னறிவிப்பில் இது இன்னும் சிக்கல். வடகிழக்குப் பருவமழை இயல்பை ஒட்டியிருக்க இத்தனை சதவீத வாய்ப்பு என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மொத்தக் கணக்கு அது. எங்கள் பக்கம் அதில் பெரும்பகுதி ஒரே புயலில் கொட்டித் தீர்ப்பதும் உண்டு. அதனால் நான் சதவீதம் பேசுவதில்லை. நெல் ரகமும் விதைப்புத் தேதியும்தான் பேசுவேன்.

2023-இல் மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து, வரத்தில்லாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். சம்பாவுக்கு ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியாது என்பது ஆகஸ்டிலேயே தெரிந்துபோயிற்று. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு வேறு. தென்மேற்கு ஏமாற்றினாலும் வடகிழக்கு கூடுதலாகப் பெய்ய வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட ஆண்டில், ஐந்து மாதம் நிற்கும் சி.ஆர். 1009-ஐ விட்டு 130 நாள் ரகத்தைப் புழுதியில், அதாவது உழுத காய்ந்த மண்ணிலேயே, விதைப்பதே மேல். செப்டம்பர் மழைக்கு முளைத்து, அடைமழைக்குள் கொஞ்சம் உயர்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து ஐப்பசியில் நட்டால், பச்சை பிடிக்கும் முன்பே நடவு மூழ்கும். வறட்சிக்குச் சொல்லும் யோசனைதான் இங்கே வெள்ளத்துக்கும்.

எல்லாவற்றுக்கும் யோசனை உண்டு என்று சொல்ல மாட்டேன். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. வானிலைத் துறைக் கணக்கில் 21 செ.மீ. பெய்தாலும் அதிகனமழை, 95 பெய்தாலும் அதிகனமழை. இரண்டுக்கும் ஒரே முன்னேற்பாடு எப்படிப் போதும்?

இப்போதெல்லாம் வங்கக்கடலில் தாழ்வு என்று சேதி வந்ததும் முதல் போன் மதகு பார்க்கும் லஸ்கருக்குத்தான். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று கேட்பேன். மூன்று நாள் அவகாசம் இருந்தால் ஜேசிபி பிடித்து அள்ளிவிடலாம். டீசலுக்கு யார் பணம் தருவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போய்விடுகிறது.