‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’ வருமா?

ஏப்ரலில் கடல் அமைதியானால் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் சீசன் தொடங்கிவிடும். ஹோட்டல் முன்பதிவு மேசையில் இருக்கும் எனக்கு அது மெயில் சீசன். வாழைச்சேனையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சி எழுதும் ஆங்கிலப் பதில்களை ஒருதரம் பார்த்துத்தான் அனுப்பவிடுகிறேன்.

“அக்கா, ‘டு’ வந்தா வினைச்சொல் அப்படியேதானே வரணும்? பிறகேன் ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரொம் யூ’ எண்டு எழுதுறீங்க?”

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள். ஆனால் இந்த ‘டு’ வேறு சாதி, ‘ஃபோர்’, ‘வித்’ போல முன்னிடைச்சொல். சந்தேகம் வந்தால் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை’ ஒழுங்காக நிற்கிறது. ஆகவே வினை வந்தாலும் ‘இங்’ வேண்டும். ‘வீ வுட் லைக் டு யுவர் ரிப்ளை’ நிற்காது. அங்கே ‘டு கன்ஃபர்ம்’தான்.

‘டு’, ‘இங்’ இரண்டு வடிவமும் சரியாக வரும் இடங்கள்தான் ஆபத்து. அறை இல்லையென்று சொல்ல ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ’. அதையே ‘ரிக்ரெட் இன்ஃபோர்மிங் யூ’ என்றால், முன்பு உங்களுக்கு அறிவித்ததை நினைத்து இப்போது வருந்துகிறோம் என்றாகிவிடும். ‘ஃபொர்கெட்’டும் இப்படித்தான். ‘அனுப்ப மறந்திட்டன்’ என்றால் ‘ஃபொர்கொட் டு செண்ட்’, ‘அனுப்பினத மறந்திட்டன்’ என்றால் ‘ஃபொர்கொட் செண்டிங்’. இதைச் சொன்னதும் “இவ்வளவுதானாக்கா?” என்றாள்.

‘வுட் யூ மைண்ட்’ வந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘இங்’தான்: ‘வுட் யூ மைண்ட் செண்டிங் யுவர் ஃப்ளைட் டீட்டெய்ல்ஸ்?’ விருந்தாளி அதே பாணியில் நம்மிடம் ஏதாவது கேட்டால் மட்டும் ‘யெஸ்’ என்று பதிலைத் தொடங்காதீர்கள். எங்களுக்கு ஆட்சேபம் உண்டு என்றும் அதை வாசிக்கலாம். ‘நொட் அட் ஓல்’ போதும்.

‘ஐ வுட் அப்ரீஷியேட் யுவர் கன்ஃபர்மிங்’ இலக்கணப்படி சரிதான், எனக்குத்தான் பிடிக்காது. கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஒரு விறைப்பு. ‘ஐ வுட் அப்ரீஷியேட் இட் இஃப் யூ குட் கன்ஃபர்ம்’ என்று மாற்றிவிடுவேன். அந்த ‘இட்’ விடுபடக் கூடாது. ‘கைண்ட்லி’க்கு ஒரு மெயிலில் ஒரு இடம்தான் கொடுக்கிறேன், அதுவும் முற்பணம் கேட்கும் மெயிலென்றால்.