ஒரு கையில் ஒரு சைக்கிள், மறு கையில் இன்னொன்று

திருகோணமலை உப்புவெளியில் மச்சான் நடத்தும் விடுதியில் வாடகைக்கு எட்டு சைக்கிள் நிற்கும். நிற்க வேண்டும் என்று சொல்வதுதான் சரி. சீசன் நாட்களில் பின்னேரம் நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் இரண்டுதான் இருக்கும், மிச்சம் ஆறும் பிரெட்றிக் கோட்டை வாசலடியில் தெரிந்தவர் ஒருவரின் கூல்பார் சுவரில் சாய்ந்தபடி வெயில் காயும். காலையில் குளிர்மையாக இருக்கும்போது எல்லோரும் கோணேசர் கோயிலுக்கு உற்சாகமாக உழக்கிக்கொண்டு போவார்கள், சுவாமி மலையில் நின்று கடலைப் பார்த்து முடிய வெயில் ஏறிவிடும், பிறகு யார் உழக்குவது? கூல்பாரில் விட்டுவிட்டு ஓட்டோவில் வந்துவிடுவார்கள். அங்கே விடலாம் என்று மட்டையில் எழுதிப் போட்டவரே மச்சான்தான்.

திருப்பிக் கொண்டுவரும் வேலை போன சீசனில் என் தலையில் விழுந்தது. பஸ்ஸில் போய், ஒன்றில் ஏறி உழக்கியபடி மற்றதன் ஹாண்டிலை இடது கையால் நடுவில் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் பழகினதுதான். ஆனால் ஒரு மான் குறுக்கே வந்து சட்டென்று பிரேக் பிடித்தால், பக்கத்துச் சைக்கிளின் பெடல் நேரே கணுக்காலில்தான் வந்து இடிக்கும். ஆறு சைக்கிளுக்கு மூன்று தரம்.

பெரிய நகரங்களுக்கும் இதே தலையிடி. பாரிஸில் 2007இல் வெலிப் என்ற, ஒரு தரிப்பிடத்தில் எடுத்து இன்னொன்றில் விடும் வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது மொன்மார்த்ர் மேட்டிலிருந்து சனம் சந்தோசமாக இறங்கியது, ஏறத்தான் ஆள் இல்லை. மேலே சைக்கிள் இல்லை, கீழே விட இடம் இல்லை. இந்த இரண்டாவதுதான் பொல்லாதது, சைக்கிள் கிடைக்காவிட்டால் நடக்கலாம், விட இடம் கிடைக்காவிட்டால் அதை எங்கே கொண்டுபோவது? லொறியில் ஏற்றி இறக்குகிறார்கள்தான், ஆனால் சைக்கிள் மிகவும் தேவைப்படும் ஓபிஸ் நேரத்தில்தான் லொறியும் நெரிசலில் நிற்கும். அதனால் மேட்டுத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடுபவருக்கு 15 நிமிடம் இலவசமாகக் கொடுத்தார்கள். நியூயோர்க்கின் சிற்றி பைக், நிரம்பிய இடத்திலிருந்து எடுத்து வெறுமையான இடத்தில் விட்டால் புள்ளி கொடுக்கிறது. அதிலும் சில கெட்டிக்காரர்கள் ஒரு தரிப்பிடத்தைத் தாங்களே காலியாக்கி அடுத்ததை நிரப்பி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பி ஓட்டிப் புள்ளி சேர்த்தார்களாம்!

இதை மச்சானுக்குச் சொன்னேன். லொறிக்கு எங்களிடம் வழியில்லை, ஓடுகிறவர்களே கொண்டுவரட்டும், வந்தால் ஒரு இளநீர் என்று மட்டையில் இன்னொரு வரி சேர்த்தார். பாதிப் பேராவது இப்போது உழக்கிக்கொண்டே வருகிறார்கள். மீதியைக் கூல்பார்க்காரரின் மகன் கொண்டுவருகிறான். சனிக்கிழமை அவனுக்கு நாலாவது இளநீர் வெட்டும்போதுதான் மச்சானுக்குச் சந்தேகம் வந்து கூல்பாருக்குக் கோல் எடுத்துக் கேட்டார். அன்றைக்கு அங்கே விடப்பட்டது இரண்டே இரண்டு சைக்கிள்.