கல் படத்தை ஒட்டும் முன்: டெக்ஸ்சர் செய்முறைத் தேர்வுக்குச் சில குறிப்புகள்

மெய்நிகர் உலகில் ஒரு பொருளைக் கட்டிக் காட்டச் சொன்னால், ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பொருளுக்கா பஞ்சம்? பாம்பன் பாலம் இருக்கிறது, தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பிய தேவாலயச் சுவர் இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் கல்லின் போட்டோவை டெக்ஸ்சராக, அதாவது பொருளின் மேற்பரப்புப் படமாக, ஒட்டாதீர்கள். போட்டோ ஏறிவிட்டால் அளவுப் பிழையும் யுவி (படத்தின் எந்தப் பகுதி பொருளில் எங்கே விழும் என்ற வரைவு) இழுவையும் கட்டுகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும். தேர்வாளர் கேமராவைச் சுற்றினால் தப்பாது.

நான்கு படங்கள் கையில் இருக்கட்டும்: 64×64-ல் வெறும் வெள்ளை, அதே அளவில் முழுக்க ஒளிபுகும் படம், எண் போட்ட 512×512 கட்டம், மேலிருந்து கீழே மங்கும் 256×256 கறுப்பு நிழல். கட்டத்தை வரைய வேண்டாம்; பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் புதுப் படம் திறக்கும்போது 'கலர் கிரிட்' தேர்ந்தால் வந்துவிடும்.

முதலில் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சதுரம் நீண்டு தெரிந்தால், பெரும்பாலும் அன்ராப் செய்யும் முன் (மேற்பரப்பைப் படம் ஒட்டத் தட்டையாக விரிக்கும் முன்) ஸ்கேலை, அதாவது மாற்றிய அளவை, அப்ளை செய்து உறுதிப்படுத்தியிருக்க மாட்டீர்கள். எண் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருந்தால் யுவி புரண்டிருக்கிறது. ஒரு தூணில் கட்டம் பெரிதாகவும் அடுத்ததில் பொடியாகவும் இருந்தால் கல்லும் அப்படித்தான் விழும்.

அடுத்தது வெள்ளை. செகண்ட் லைஃப், ஓப்பன்சிம் என்ற மெய்நிகர் உலகங்களில் புதுப் பொருள் மரப்பலகைப் படத்தோடு பிறக்கும். அதன் மேலேயே நிறம் கொடுத்தால் அழுக்குப் பழுப்பாகத்தான் வரும். ஏனென்றால் நிறம் படத்தோடு பெருக்கப்படுகிறது. பெருக்கல் இருட்டாக்குமே தவிர வெளுப்பாக்காது. ஆகவே 'பிளாங்க்' அழுத்திவிட்டு நிறம் கொடுங்கள். கல் படத்தையும் வெளிர் சாம்பலாகவே தயாரியுங்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு 143 தூண்கள். 512×512 படம் ஒன்று, ஒளிபுகாதது என்றால், நினைவகத்தில் 768 கேபி. தூணுக்கொரு படம் போட்டால் 107 எம்பி தாண்டும். ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் லேசாக மாற்றினால் அதே 768 கேபிதான்.

தனுஷ்கோடிச் சுவர் பவளப்பாறைக் கல், உடம்பெல்லாம் பொத்தல். உச்சி வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு பொத்தலின் நிழலும் படத்திலேயே பதிந்துவிடும், பிறகு மெய்நிகர் சூரியன் எந்தப் பக்கம் போனாலும் ஒட்டாது. சுவர் தன் நிழலிலேயே இருக்கும் நேரம் பார்த்து எடுங்கள். தரை நிழலுக்கு அந்த 256 படம் போதும். தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி வைக்காவிட்டால் மினுமினுக்கும்.

வலை, பனையோலை வேலி இரண்டும்தான் அதிகம் பேர் சறுக்கும் இடம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வலை தொங்கினால், ஆல்ஃபா (படத்தின் ஒளிபுகும் அளவு) பிளெண்டிங்கில் எது முன், எது பின் என்று தடுமாறும். ஒவ்வொரு புள்ளியையும் முழுக்கக் காட்டும் அல்லது முழுக்க மறைக்கும் ஆல்ஃபா மாஸ்கிங்குக்கு மாற்றுங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால், ஒளிபுகும் பகுதிக்கு அடியில் வெள்ளை நிறம் இருக்கிறது என்று பொருள். அங்கே ஓலையின் நிறத்தையே நிரப்புங்கள். சுவர்ப் படத்தை மட்டும் ஆல்ஃபா இல்லாமல் 24 பிட்டில் சேமியுங்கள், இல்லையென்றால் கல்லும் இந்தத் தகராறில் மாட்டும்.

ஒப்படைக்கும் முன் செகண்ட் லைஃப் வியூவரில் கன்ட்ரோல்+ஆல்ட்+டி அழுத்துங்கள். அந்த ஒளிபுகும் படத்தைப் போட்டு மறந்துபோன பெட்டிகள் சிவப்பாகத் தெரியும், வேண்டாதவற்றை அழித்துவிடுங்கள்.