கையில் அடங்கும் கலையோப்பி

அமெரிக்காவின் மேற்கு மொன்டானா மலைப் பள்ளத்தாக்குகளில், கோடையில் ஹம்மிங்பறவைகளின் காலில் அடையாள எண் கொண்ட வளையமிடும் குழுவில் உதவியாளராகப் பணியாற்றி வருகிறேன். அங்கு எங்கள் கைக்கு வரும் பறவைகளில் மிகச் சிறியது கலையோப்பி. மெக்சிகோவுக்கு வடக்கே கூடுகட்டும் பறவைகள் அனைத்திலும் அதுவே சிறியது. எடை 2 முதல் 3 கிராம்தான்.

படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் ஆண் பறவையை. வெண்மையான தொண்டையில் கதிர்களாக விரியும் அதன் செம்மெஜந்தாக் கோடுகள் அழகானவைதான். ஆனால் ஆண்கள் கோடை முடியுமுன்பே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுவதால், பின்னர் எங்கள் கூண்டுகளில் சிக்குபவை பெரும்பாலும் பெண்களும் இளம் பறவைகளுமே. அவற்றுக்கு மேற்புறம் பச்சை, விலாவில் வெளிர் பழுப்பு, தொண்டையில் மங்கலான புள்ளிகள். ரூஃபஸ் என்னும் மற்றொரு ஹம்மிங்பறவை இனத்துப் பெண்ணும் ஏறத்தாழ இதே தோற்றம் கொண்டிருப்பதால், குட்டையான அலகையும், மடக்கிய சிறகின் நுனி வால்நுனியை எட்டுகிறதா என்பதையும் பார்த்தே இனத்தை உறுதி செய்கிறோம். இளம் பறவையின் அலகில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கும். அவற்றைக் காண உருப்பெருக்கி வேண்டும்.

மெல்லிய அலுமினியத் தகட்டிலிருந்து வளையத்தை நாங்களே வெட்டி, காலை உறுத்தாதபடி ஓரங்களைத் தேய்த்து வைக்கிறோம். பறவையை மென்துணியில் சுற்றி எடை பார்த்தபின், உறிஞ்சுகுழலால் வயிற்று இறகுகளை ஊதி விலக்கினால், தோலுக்கடியில் சேர்ந்துள்ள கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். நீண்ட வலசைக்கான எரிபொருள் அது. அடிக்கடி உண்ண வேண்டிய உயிர் என்பதால் இவை அனைத்தையும் விரைந்து முடித்து, சர்க்கரை நீர் ஊட்டிய பிறகே உள்ளங்கையை விரிக்கிறோம்.

என் மனம் அதிகம் தோய்வது பெண்ணின் உழைப்பில். சிலந்தி நூல், பாசி, பஞ்சு ஆகியவற்றால் அது தனியாகவே கூடு கட்டி, இரண்டு முட்டையிட்டு, குஞ்சுகளையும் தனியாகவே வளர்க்கிறது. ஊசியிலை மரத்தில், பல வேளைகளில் பழைய கூம்புக்காய்களின்மீதே அமைவதால், கூடும் ஒரு காய்போலவே தோன்றும். மேலே கவிந்திருக்கும் கிளை மழையைத் தடுப்பதோடு, கூட்டின் வெப்பம் திறந்த வானுக்குள் வெளியேறிப் போகாமலும் காக்கிறது. கோடையிலும் இரவுகள் குளிரும் அம்மலைகளில் இது சிறிய உதவியன்று.

கோடை இறுதியில் இப்பறவைகள் ராக்கி மலைகளின் பூக்களைத் தொடர்ந்து தென்மேற்கு மெக்சிகோவுக்குச் செல்கின்றன. வசந்தத்தில் பசிபிக் கரையோரமாக வடக்கே திரும்புகின்றன. நாங்கள் வளையமிட்ட பெண் ஒன்று, அடுத்த ஆண்டு அதே பள்ளத்தாக்கில் மீண்டும் சிக்கும்போது, எடையைக் குறிக்குமுன் வளையத்தின் எண்ணை இருவர் தனித்தனியே படித்துச் சரிபார்க்கிறோம்.