தரங்கம்பாடியில் ஒரு பிற்பகல்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த ஆசிரியர், இலங்கையை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற மூன்று பெயர்களையும் வரிசை பிசகாமல் வகுப்பு முழுவதையும் ஒரே குரலில் சொல்ல வைப்பார். அந்த வரிசையில் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் இல்லை. அவர்களுடைய நாட்டிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த பின்னர்தான், சென்ற தை மாதம், சிதம்பர தரிசனத்தை முடித்துக்கொண்டு மனைவியுடன் தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கச் சென்றேன்.

1792ஆம் ஆண்டு டேனியர் கட்டிய நகர வாயிலைக் கடந்து இராச வீதி வழியே நடந்தால், கடலை நோக்கியபடி டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. நுழைவுச்சீட்டுத் தந்தவர் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். டென்மார்க் என்றேன். "அப்போ இது உங்க கோட்டைதான் சார்" என்று அவர் சிரித்தபோது, யாழ்ப்பாணத்தான் என்று திருத்தலாமா என யோசித்து விட்டுவிட்டேன்.

கீழ்த்தளத்தில், ஒருகாலத்தில் பண்டசாலையும் சிறையுமாக இருந்த வளைவுக் கூரை அறைகள். மேலே ஆளுநர் தங்கிய பகுதி. 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில் பீங்கான்கள், வாள்கள், சுடுமண் உருவங்களோடு ஒரு திமிங்கிலத்தின் எலும்புகளும் இருக்கின்றன. டேனிய மொழிப் பத்திரம் ஒன்றின் முன்னே வெகுநேரம் நின்றேன்; தினமும் பேசும் மொழிதான், ஆனாலும் பழைய கையெழுத்தில் அரைவாசி பிடிபடவில்லை. கோட்டைக்கு இடம் தந்த தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய பொன்னோலையோ கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. அதை இன்னும் நான் போய்ப் பார்க்கவில்லை என்பதையும் வெட்கத்துடன் சொல்லிவிடுகிறேன்.

டேனியக் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டேயின் கப்பல்கள் புறப்பட்டது தரங்கம்பாடிக்காக அல்ல, இலங்கைக்காக. கண்டி அரசன் செனரத்துடன் நடத்திய பேச்சு எதிர்பார்த்த பலனைத் தராமற்போகவே, 1620 நவம்பரில் நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். திருகோணமலையில் அவர்கள் கால் ஊன்றியிருந்தால் எங்கள் ஆசிரியர் நான்கு பெயர்களைச் சொல்ல வைத்திருப்பார். மதிலோரத்தில் நின்று, அதே வகுப்பறை இராகத்தில், நான்கையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறிவிட்டது, போவோம் வாருங்கள் என்றார்.